அண்ணன் வித்த வயலும் தம்பிகளும்: சிஃபி முதல் மெஜெஸ்கோ வரை

மக்களே, இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா டிராஃப்டில தூங்கிட்டிருந்த ஒரு பங்குச்சந்தை சரித்திரத்தைத் தூசு தட்டிப் போடுறேன். பொறுமையா படிங்க, கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க :-)

விஷயம் இதுதான். ஒரு டெக்னாலஜி கம்பெனி, தன்னோட துணை நிறுவனத்தை வித்துடுதுன்னு செய்தி வருது. நூறு ஷேர், இருநூறு ஷேர் வச்சிருக்கிற சின்ன முதலீட்டாளர் உடனே என்ன பண்றார்? "நல்ல விலைக்கு வித்தாச்சா?"ன்னு கேக்கறார். நல்ல விலைன்னா சந்தோஷம், மட்டமான விலைன்னா புலம்பல். ஆனா கேக்க வேண்டிய முதல் கேள்வி அது இல்லைங்கிறது என் கட்சி.

மதுரைக் கணக்குல சொல்றேன். மேலூர் பக்கம் பெரியாறு பாசனத்துல ரெண்டு ஏக்கர் வயல். அண்ணன் தம்பி மூணு பேருக்கும் பொதுச்சொத்து, நிர்வாகம் பெரியவர் கையில. அவர் ஒருநாள் வந்து, "தம்பிகளா, வயலை வித்துப்புட்டேன்"ங்கிறார். ரேட்டு நல்ல ரேட்டுதான். ஆனா பணம் மூணு பங்கா பிரிஞ்சா ஒரு கதை. அண்ணன் வீட்டு பீரோவுல போய் உக்காந்தா அது வேற கதை. தம்பிகளைக் கேட்டுட்டு வித்தாரா இல்லையாங்கிறது மூணாவது கதை. இந்த மூணு கதையும் நம்ம சந்தையில நிஜமாவே நடந்திருக்கு.

முதல்ல நம்ம சென்னைக் கம்பெனி. ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸோட துணை நிறுவனமா 1995 டிசம்பர்ல ஆரம்பிச்சது சத்யம் இன்ஃபோவே. பின்னாடி சிஃபின்னு பேர் மாத்திக்கிட்டாங்க, தரமணி டைடல் பார்க்ல ஆபீஸ். 1998 நவம்பர்ல தனியார் இன்டர்நெட் சேவைக்கு அரசாங்கம் கதவைத் திறந்ததும் முதல் ஆளா உள்ள நுழைஞ்சவங்க இவங்கதான். தமிழ் இணையத்துல பழம் தின்னு கொட்டை போட்டவங்களுக்கு சிஃபி ஐவே பிரவுசிங் சென்டரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

1999 அக்டோபர்ல சிஃபி நாஸ்டாக் போச்சு. விலை 18 டாலர். அடுத்த மாசமே ராஜேஷ் ஜெயினோட இந்தியாவேர்ல்ட் கம்பெனியை 499 கோடிக்கு வாங்கறதா அறிவிச்சாங்க. நாடே வாயைப் பொளந்தது. 2000 பிப்ரவரியில திரும்பவும் 4,67,175 ஏ.டி.எஸ். வித்தாங்க. ஏ.டி.எஸ். வேற ஒண்ணும் இல்ல, நம்ம ஊர் பங்கை அமெரிக்க சந்தையில விக்கிறதுக்குத் தோதா மாத்தின ரசீது. அந்த தடவை விலை எவ்வளவு தெரியுமா? 320 டாலர். நாலே மாசத்துல 18 எங்க, 320 எங்க!

இங்க நம்ம ஊர் ஆளுக்கு ஒரு சிக்கல். சிஃபி இந்திய சந்தையில பட்டியல்ல இல்ல. இந்தியாவுல இருக்கிற தனிநபர் டாலர் அனுப்பி வெளிநாட்டுப் பங்கு வாங்க வழி செஞ்ச ரிசர்வ் வங்கித் திட்டமே 2004 பிப்ரவரியிலதான் வந்தது. அதுவரைக்கும் மதுரையில ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கோ வங்கி ஊழியருக்கோ சிஃபி மேல ஆசை வந்தா ஒரே வழி, தாய்க் கம்பெனி சத்யத்தை வாங்கறது. சத்யம் வாங்கினா அதுக்குள்ள சிஃபி இலவச இணைப்பு!

அப்புறம் குமிழி உடைஞ்சது எல்லாருக்கும் தெரியும். 2002 கடைசியில சிஃபி புது முதலீட்டாளர்களுக்குப் பங்கு வித்தது 1.72 டாலருக்கு. அந்தப் புதுப் பங்குகளால சத்யத்தோட பங்கு பாதிக்குக் கீழ இறங்கிடுச்சு. துணை நிறுவனம்ங்கிற அந்தஸ்து அதோட போச்சு, உறவு மட்டும் மிச்சம்.

2005 நவம்பர்ல அந்த உறவும் முடிஞ்சது. கையில மிச்சமிருந்த 31.61 சதவீதத்தை, அதாவது 1.11 கோடிக்கு மேற்பட்ட பங்குகளை, ராஜு வேகேஸ்னாவோட இன்ஃபினிட்டி கேப்பிட்டல் வாங்கிச்சு. பங்குக்கு 5.60 டாலர். மொத்தம் 62.6 மில்லியன் டாலர், அன்னைய மதிப்புல 280 கோடிக்கு மேல. அதே விலையில சிஃபிகிட்டயும் புதுப் பங்கு வாங்க இன்ஃபினிட்டி ஒத்துக்கிச்சு.

சத்யம் பங்குதாரருக்கு அப்போ இது பெரிய விஷயமாவே படலை. நஷ்டத்துல ஓடின சுமை தொலைஞ்சது, ரொக்கம் வந்ததுன்னு நிம்மதிப்பட வேண்டிய செய்திதான். கணக்குப் புத்தகத்துல ரொக்கம் கூடினா நல்லதுதானே?

நல்லதுதான், புத்தகம் நிஜமா இருந்தா.

2008 டிசம்பர் 16. ராமலிங்க ராஜு, தன் குடும்பத்து மேட்டாஸ் கம்பெனிகள் ரெண்டை 1.6 பில்லியன் டாலருக்கு சத்யம் வாங்கும்னு அறிவிச்சார். அன்னைக்கு ராத்திரி அமெரிக்காவுல சத்யம் ஏ.டி.எஸ். 55 சதவீதம் விழுந்தது. சில மணி நேரத்துல முடிவை வாபஸ் வாங்கினாங்க. மூணு வாரம் கழிச்சு, 2009 ஜனவரி 7, அந்தப் பிரசித்தி பெற்ற கடிதம் வந்தது. ரொக்கமும் வங்கி இருப்பும்னு புத்தகத்துல காட்டினது 5,361 கோடி. அதுல 5,040 கோடி இல்லவே இல்ல! ஷேர் ஒரே நாள்ல முக்கால் பங்குக்கு மேல காணாம போச்சு. ஏப்ரல்ல டெக் மஹிந்திரா பங்குக்கு 58 ரூபாய்னு வாங்கிச்சு.

சிஃபி வித்த காசைத்தான் ராஜு முழுங்கினார்னு நான் சொல்ல வரலை. அந்தக் காசு அண்டாவுல ஊத்தின ஒரு சொம்புத் தண்ணி, தனியா அடையாளம் காட்ட முடியாது. நான் சொல்றது வேற. வயல் வித்த காசு பீரோவுக்குப் போறப்போ, பீரோ சாவி யார்கிட்டன்னு தம்பிகள் யாரும் கேக்கலை. அவ்ளோதான்.

இப்போ ரெண்டாவது கதை. இது சுத்தமான ஸ்மால்கேப் கதை. மாஸ்டெக் கம்பெனி 2015ல தன்னோட காப்பீட்டு மென்பொருள் தொழிலைப் பிரிச்சு மெஜெஸ்கோன்னு தனியா பட்டியலிட்டுது. இந்திய மெஜெஸ்கோவோட உசிரு முழுக்க அமெரிக்க மெஜெஸ்கோவுலதான் இருந்தது. அதுல இதுக்குச் சுமார் 74 சதவீதம். 2020 ஜூலையில தோமா பிராவோங்கிற தனியார் பங்கு நிதி நிறுவனம் பங்குக்கு 13.10 டாலர் தர்றதா சொல்லிச்சு. ஆகஸ்ட்ல அது 16 டாலர் ஆச்சு. செப்டம்பர்ல விற்பனை முடிஞ்சது.

இங்க தம்பிகள்கிட்ட கேட்டாங்க. கேக்காம விக்க முடியாது. 2014ல செபி கொண்டு வந்த விதிப்படி, முக்கியத் துணை நிறுவனத்தை இப்படி மொத்தமா விக்கணும்னா சிறப்புத் தீர்மானம் வேணும். எதிர்ப்பு ஓட்டைப் போல மூணு மடங்கு ஆதரவு ஓட்டு வேணும். (சத்யம்-சிஃபி விஷயத்துக்கு இந்த விதி இருந்திருந்தாலும் பொருந்தாது. 2005ல அது துணை நிறுவனமே இல்லையே.)

பணம் என்ன ஆச்சு? முதல்ல 845 ரூபாய்க்கு பைபேக். அப்புறம் 2020 டிசம்பர்ல இடைக்கால டிவிடெண்ட், பங்குக்கு 974 ரூபாய்! முந்தின நாள் ஆயிரத்தை நெருங்கி நின்ன ஷேர், டிசம்பர் 23 காலையில 12 ரூபாய் சொச்சம்.

ஆப்பைத் திறந்து பாத்தா கிட்டத்தட்ட 99 சதவீதம் சிவப்பு. கொரோனா சமயத்துல புதுசா டீமேட் திறந்த பயபுள்ளைகளுக்கு நெஞ்சு எப்படி அடிச்சிருக்கும்? உண்மையில ஒண்ணும் தொலையலை. வயல் போச்சு, வித்த காசு உங்க வங்கிக் கணக்குக்கு வரப்போகுது. வெறும் வரப்புக்கு என்ன விலையோ அதுதான் அந்த 12 ரூபாய்.

ஆனா "காசு கைக்கு வந்துச்சு, சுபம்"னு கார்டு போட முடியாது. வரி இருக்கே! 2020 ஏப்ரல்லேருந்து டிவிடெண்டுக்கு வரி கட்ட வேண்டியது வாங்கறவர். முப்பது சதவீத வரம்புல இருக்கிறவருக்கு செஸ் சேத்து 31.2. அப்போ 974ல கையில நிக்கிறது 670. பைபேக்குக்கு அப்போ கம்பெனியே வரி கட்டிடும், அதனால 845 முழுசா கைக்கு. அதிக வரி கட்டறவருக்கு 845 லாபம். வரி வரம்புக்குள்ள வராத பென்ஷன்தாரருக்கு 974 லாபம், டி.டி.எஸ். பிடிச்சாலும் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கலாம். ஒரே கம்பெனி, ஒரே ஷேர், ஆனா தம்பிக்குத் தம்பி கணக்கு வேற.

ரொம்பப் பாவம், "974 ரூபாய் டிவிடெண்டா!"ன்னு கடைசி நேரத்துல 980 சொச்சத்துக்கு வாங்கினவர். 974 வருமானம்னு வரி கட்டணும். ஷேர்ல வந்த நஷ்டத்தை அதுல கழிக்க முடியாது, மூலதன லாபம் வேற எங்கயாவது இருந்தா அதுலதான் கழிக்கலாம். இல்லாதவர் கையைச் சுட்டுக்கிட்டதுதான் மிச்சம்.

2021ல ஆரம் குழுமம் உள்ள வந்து, மெஜெஸ்கோ பேரு ஆரம் ப்ராப்டெக் ஆச்சு. காப்பீட்டு மென்பொருளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ரியல் எஸ்டேட் டெக்னாலஜி. சிஃபி இன்னமும் சென்னையில டேட்டா சென்டர் அது இதுன்னு ஓடிட்டிருக்கு. சத்யம் பேரளவுல கூட இல்ல, 2013ல டெக் மஹிந்திராவோட கலந்துடுச்சு.

ஆகவே மக்களே, உங்க ஸ்மால்கேப் கம்பெனி எதையாவது வித்துட்டதா செய்தி வந்தா, விலையைப் பாத்துத் துள்ளவும் வேணாம், துவளவும் வேணாம். என்கிட்ட ஓட்டு கேட்டாங்களா? காசு என் கைக்கு வருதா, பீரோவுக்குப் போகுதா? பீரோவுக்குன்னா, இதுக்கு முன்னாடி அந்த வீட்டுப் பெரியவர் காசை எப்படிச் செலவழிச்சிருக்கார்? வித்தது போக மிச்சம் என்ன தொழில்? இந்த நாலையும் விசாரிச்சுட்டு அப்புறம் விலைக்கு வாங்க. ஓட்டுச் சீட்டு இப்போ மின்னஞ்சல்லயே வருது. நம்மாளுங்க முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்து கூடப் பாக்கறதில்லைங்கிறதுதான் என் ஆதங்கம்.

டிஸ்கி: இது ஷேர் டிப்ஸ் பதிவு இல்லை. மேல சொன்ன எந்தக் கம்பெனியையும் வாங்கவோ விக்கவோ நான் சொல்லலை. வரி விவரம் எல்லாம் 2020ல இருந்த நிலவரம். பைபேக் வரி 2024 அக்டோபர்லயே மாறிடுச்சு, அதனால பழைய கணக்கை வச்சு இப்போ முடிவெடுக்காதீங்க. உங்க ஆடிட்டரைக் கேட்டுக்குங்க.