கிறிஸ்தவ மணமும் பிரிவின் சட்டமும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் தூரம் அதிகமில்லை. ஆயினும் அண்டை வீட்டாரின் திருமணச் சட்டத்தை நம்மில் அறிந்தவர் சிலரே.

மனைவியைக் கணவன் தள்ளிவிடலாமா என்று பரிசேயர் வினவியபோது, ஈஸா (அலை) அவர்கள் கூடாதென விடையளித்ததாக மாற்கு சுவிசேஷம் கூறும். வினா ஆடவனின் உரிமையைப் பற்றியது. ஆகவே விடை பெண்ணுக்குக் காவலாயிற்று என்றே நாம் கொள்கிறோம்.

அக்காவலே 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டத்தில் தளையாயிற்று. மனைவியின் விபசாரம் ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவிக்கோ கணவனின் விபசாரம் மட்டும் போதாது. கொடுமையையோ ஈராண்டு கைவிட்டதையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றம் பிரித்து வைத்தாலும் 2001 வரை உயர்நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டியிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் தீர்ப்பாயம் மணம் செல்லாதென்று அறிவித்தாலும் அது நாட்டுச் சட்டத்தைக் கட்டுப்படுத்தாதென உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2001இல்தான் இருபாலருக்கும் ஒரே காரணங்கள் வகுக்கப்பட்டன. இருவரும் இசைந்து பிரியவும் வழி பிறந்தது. இடையில் கழிந்தவை 132 ஆண்டுகள்!

இதைக் கூறி நாம் பெருமிதம் கொள்வதற்கில்லை. குல்உவுக்குத் திருக்குர்ஆனில் ஆதாரம் இருந்தும், கணவன் இசையாதபோது ஹனஃபீ மத்ஹபில் வழி காணாத பெண்கள் சிலர் பஞ்சாபில் மதம் துறந்து விடுதலை தேடினர். மணமுறிவை மறுக்கும் கிறிஸ்தவத்திலேயே புகலடைந்தோரும் உண்டு! மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) மாலிக்கீ மத்ஹபிலிருந்து தீர்வு எடுத்துக் காட்டினார். 1939ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம் பெண்ணுக்கு மணவிலக்குக் காரணங்களை வகுத்தது. அவள் மதம் துறப்பதால் மட்டும் மணம் முறியாதென்றும் விதித்தது.