கிறிஸ்துகுல ஆசிரமம்

கிறிஸ்துகுல ஆசிரமம் என்பது மருத்துவர்களான சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921-இல், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் நிறுவிய சீர்திருத்தத் திருச்சபை மரபுசார் துறவு இல்லம் ஆகும். மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் இயேசு தம் சீடரிடம் எதிர்பார்க்கும் தன்மறுப்பு, அதாவது சொந்த விருப்பத்தையும் வசதியையும் விட்டுச் சிலுவை சுமந்து அவரைப் பின்பற்றுதல், இங்கு அன்றாட வாழ்க்கை முறையாயிற்று.

அக்காலத்து மிஷனெரிகள் பலருக்குப் பங்களா, வேலையாட்கள், மிஷன் சங்கத்துச் சம்பளம் ஆகியவை இருந்தன. அவை பணிக்கு உதவுவன போலத் தோன்றியதே வசதி என்னும் சோதனையின் வலிமை, ஏனெனில் ஊராரிடமிருந்து ஊழியரைப் பிரித்து நிறுத்தியவையும் அவையே. செல்வக் குடியில் பிறந்த பேட்டனுக்கு அந்த வாழ்வு எளிதில் வாய்த்திருக்கும். இருவரும் மணம் செய்யாமல், ஊதியம் பெறாமல், கதர் உடுத்தி, மரக்கறி உணவு உண்டு நோயாளிகளுக்குப் பணிசெய்தனர். ஏசுதாசன் பெரியண்ணன் என்றும் பேட்டன் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பட்டனர். வெள்ளையர் ஆண்ட நாளில் வெள்ளையர் ஒருவர் இந்தியருக்கு இளையவராய் அமைந்தது, செல்வத்தைத் துறந்ததினும் அரிய துறவு எனலாம்.

ஆசிரமத்துச் சிற்றாலயம் மேனாட்டுக் கோதிக் பாணியை விலக்கி, கோபுரமும் தூண்களும் கொண்ட திராவிடக் கோயில் அமைப்பில் எழுப்பப்பட்டது. விடுதலை இயக்கத்தின் அடையாளமாயிருந்த கதரை உடுத்தியதன் விலையையும் பேட்டன் செலுத்த நேர்ந்தது: 1932-இல் சென்னையில், அந்நியத் துணி மறியல் நடந்த நாட்களில், காவலர் அவரைத் தடியால் அடித்தனர், அச்செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது.