கரிசல் மண்ணில் அதிசயக் கதை: சிவகாசி வட்டாரமும் சிறுவர் சாகசத் தொடர்களின் வரலாறும்

1. பொருளும் எல்லையும்

தொலைக்காட்சியில் சிறுவர்க்கும் குடும்பத்தார்க்குமாக ஒளிபரப்பான அதிசய, சாகச நாடகத் தொடர்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களையும், நடித்த நடிகர்களையும், ஒளிபரப்பான ஆண்டுகளையும் ஆதாரமாகக் கொண்டே எழுதுகின்றனர். அத்தொடர்களைப் பார்த்த குழந்தை எந்த ஊரில், எந்தப் பொழுதில், எந்த வேலைக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. அவ்வினாவை விருதுநகர், சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் பூமியை முன்னிட்டு எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வட்டாரத்தைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மழை பொய்க்கும் இம்மண்ணில் பிறந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து வளர்ந்த தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களுள், அச்சுத் தொழில் தமிழ்நாட்டுச் சிறுவர்களின் கற்பனைக்கு நெடுங்காலம் உணவளித்தது என்பது முதற் காரணம். மற்ற இரண்டு தொழில்களும் அதே மண்ணின் சிறுவர்களுடைய பொழுதை நெடுங்காலம் விழுங்கின என்பது இரண்டாவது. கற்பனைக்கு வேண்டிய பொருள் கைக்கெட்டும் தூரத்திலேயே அச்சாகியும், அதை அனுபவிப்பதற்கு வேண்டிய ஓய்வு குழந்தைக்கு வாய்க்காதிருந்த நிலை எவ்வாறு மெல்ல மெல்ல மாறியது என்பதே இங்கு நாம் காண வேண்டிய வளர்ச்சி.

2. சின்னத்திரைக்கு முந்திய அதிசயம்

அதிசயக் கதை கரிசல் காட்டுக்குத் தொலைக்காட்சியோடு வந்து சேர்ந்ததன்று. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டுத் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளைப் படிப்போர், ராஜகுமாரர்களும் பேய்களும் பேசும் பிராணிகளும் இம்மண்ணின் வாய்மொழியில் எவ்வளவு சகஜமாக உலவின என்பதை அறிவர். ஊர்க்கோடியில் அரிவாளோடு நிற்கும் கருப்பசாமியும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே எழும் சதுரகிரியில் இன்றும் சித்தர்கள் அரூபமாக உலவுகிறார்கள் என்னும் நம்பிக்கையும் குழந்தைக்கு நிலாச்சோற்றோடு ஊட்டப்பட்டவை. இவற்றோடு 1951இல் 'பாதாள பைரவி', 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1957இல் 'மாயா பஜார்' ஆகிய திரைப்படங்கள் வந்து, பூதத்துக்கும் மந்திரக் குகைக்கும் கண்ணால் காணத்தக்க உருவத்தை அளித்தன.

அச்சுப் பக்கத்தில் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தொடங்கிய 'அம்புலிமாமா' முக்கியமானது. அதன் விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகளுக்கு ஓவியர் சங்கர் தீட்டிய சித்திரம், தோளில் சடலத்தோடு மயானத்தில் நடக்கும் வேந்தனைப் பல தலைமுறைகளின் மனத்தில் நிலைநிறுத்திற்று. ஆயினும் பத்திரிகை இருந்தால் மட்டும் போதாது. படிக்கத் தெரிந்த குழந்தையும் வேண்டும். விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் திறக்கப்பட்ட கிராமப் பள்ளிகளும், 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் அக்குழந்தையை உருவாக்கின என்பதைச் சிறுவர் இலக்கிய வரலாற்றில் சேர்த்தே எண்ண வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் 1972ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தீப்பெட்டி லேபிள்களையும் நாட்காட்டிகளையும் அச்சிட்டுத் தேர்ந்திருந்த சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வெளிவந்தது. மு. சௌந்தரபாண்டியன் தொடங்க, முல்லை தங்கராசன் ஆசிரியப் பொறுப்பேற்ற அவ்விதழின் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்த அந்த வீரன், ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்தப்பெற்றவன். உடலில் மின்சாரம் பாய்ந்ததும் கை மட்டும் தெரிய, மற்ற உடல் முழுவதும் மறைந்துவிடும். விஞ்ஞானத்தையும் மாயத்தையும் ஒரே உடலில் இணைத்த இந்தக் கற்பனை, மந்திரவாதியையும் அரக்கனையும் மட்டுமே அறிந்திருந்த சிறுவனுக்கு முற்றிலும் புதியதோர் அனுபவமாயிற்று. 1984இல் சௌந்தரபாண்டியனின் குமாரர் எஸ். விஜயன் 'லயன் காமிக்ஸ்' தொடங்கியபோது சிவகாசி, தமிழ்ச் சித்திரக்கதையின் தலைநகரம் என்னும் நிலையை எய்தியது. சாகசக் கதையைத் தொடராகப் பின்தொடர்வது, அடுத்த வெளியீட்டுக்காகக் காத்திருப்பது, வீரனின் பெயரைச் சொல்லி விளையாடுவது ஆகிய பழக்கங்களைத் தமிழ்ச் சிறுவர்க்கு இப்பிரசுரங்கள் கற்பித்திருந்தமையால், பின்னர் வந்த தொலைக்காட்சித் தொடர் பண்பட்ட நிலத்தில் விழுந்த விதையாயிற்று.

3. உழைப்பும் ஓய்வும்

அதே பதிற்றாண்டுகளில் அதே வட்டாரத்துச் சிறுவர் பலர் எந்தக் கதையையும் படிக்க இயலாத நிலையில் இருந்தனர். விடியுமுன் கிராமங்களுக்கு வரும் பேருந்துகளில் ஏறித் தீப்பெட்டி ஆலைகளுக்குச் சென்று, குச்சிகளைச் சட்டங்களில் அடுக்கியும், பெட்டி ஒட்டியும், பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பிய அக்குழந்தைகளின் நிலை, 1976இல் அத்தகைய பேருந்து ஒன்று விபத்துக்குள்ளானபோதுதான் நாட்டின் கவனத்துக்கு வந்தது. தமிழக அரசு ஹர்பன்ஸ் சிங் குழுவை நியமித்தது. 1979இல் மத்திய அரசின் குருபாதசுவாமி குழு குழந்தை உழைப்பை நாடளவில் ஆராய்ந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் முதற் களங்களுள் சிவகாசியும் ஒன்றாயிற்று. 1996 டிசம்பர் 10ஆம் நாள், எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்துக்கு மாறாக வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கலையும் இதைக் கண்டது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படமும், கரிசல் எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' என்னும் திரைப்படமும் இக்குழந்தைகளின் பொழுதை நேருக்கு நேர் நோக்கின. குழந்தைகளுக்காக எடுக்கப்படும் அதிசயத் தொடரின் சரித்திரத்தில், குழந்தைகளைப் பற்றி எடுக்கப்பட்ட இவ்விரண்டு படங்களுக்கு இடம் உண்டா என்று சிலர் வினவக்கூடும். உண்டு என்பதே எம் அபிப்பிராயம். கதை கேட்பதற்கு முதலில் வேண்டுவது களைப்பில்லாத ஒரு மாலைப்பொழுது. அந்த மாலைப்பொழுதைக் குழந்தைக்கு மீட்டுத் தரும் முயற்சி எதுவாயினும் அது கதையின் வரலாற்றுக்கும் உரியதே.

4. தூர்தர்ஷன் காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கிற்று. எனினும் அதன் அலைகள் அந்நாளில் தென்மாவட்டங்களை எட்டவில்லை. 1980களில் நாடெங்கும் ஒளிபரப்பு நிலையங்கள் பெருகி, கொடைக்கானல் மலையுச்சியின் உயர்சக்தி நிலையமும் அமைந்தபின்னரே தென்பாண்டிச் சீமையின் வீட்டுக் கூரைகளில் ஆன்டெனாக்கள் முளைத்தன. பெட்டி வைத்திருந்த வீடுகள் சிலவே. ஆதலால் தெருக் குழந்தைகள் அனைவரும் அண்டை வீட்டுத் திண்ணையிலும் பஞ்சாயத்து அலுவலக முற்றத்திலும் கூடிப் பார்ப்பதே வழக்கமாயிருந்தது.

1985இல் ராமானந்த் சாகர் அளித்த 'விக்ரம் அவுர் பேதாள்' தொடரைக் கண்ட தமிழ்ச் சிறுவனுக்கு அதன் மொழி விளங்கவில்லையாயினும் கதை விளங்கிற்று. தோளில் ஏறிய வேதாளம் கதை சொல்லும், விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் தலை வெடிக்கும் என்பதை அவன் 'அம்புலிமாமா'வில் முன்னரே அறிந்திருந்தான். 1987 ஜனவரி 25இல் தொடங்கிய 'ராமாயண'மும், 1988 அக்டோபர் 2இல் தொடங்கிய 'மகாபாரத'மும் ஞாயிறு காலைப் பொழுதைக் குடும்பத்தின் பொதுச் சொத்தாக்கின. வானில் எதிரெதிர் மோதும் அம்புகளும், ஒன்று பலவாகப் பிரியும் பாணங்களும், இன்றைய தொழில்நுட்பத்தை நோக்கின் எளியவையேயாயினும், வாணவெடி செய்யும் ஊரின் குழந்தைக்கு அவை அந்நியமாகத் தோன்றியிருக்க நியாயமில்லை.

இவ்வரிசையில் முழுமையாகச் சிறுவரையே முன்னிறுத்தி எழுந்தது 1997 செப்டம்பரில் தொடங்கி 2005 மார்ச் வரை நீடித்த 'சக்திமான்'. முகேஷ் கன்னா ஏற்ற அவ்வேடத்தின் ஆற்றல், மேனாட்டு வீரர்களைப்போல வேற்றுக் கிரகத்திலிருந்தோ ஆய்வுக்கூடத்திலிருந்தோ வந்ததன்று. பஞ்சபூதங்களிலிருந்தும் யோக சாதனையிலிருந்தும் பிறந்தது. சித்தர் கதை கேட்டு வளர்ந்த வட்டாரத்துக்கு இத்தகைய வீரன் இயல்பாகவே நெருங்கியவன். கதை முடிந்தபின் நன்னடத்தை குறித்துச் சிறு போதனை ஒன்று கூறப்படும். குழந்தைகள் சாகசங்களைப் போலச் செய்து ஆபத்துக்குள்ளாவதாகச் செய்திகள் எழுந்தபோது, அவ்வாறு செய்யலாகாது என நடிகரே திரையில் தோன்றி அறிவுறுத்தினார். கதை காட்டுவோன் குழந்தையின் பாதுகாப்புக்கும் பொறுப்பாளி என்னும் கொள்கை அங்கே வெளிப்படையாக ஏற்கப்பட்டது. நெருப்போடு விளையாடலாகாது என்பதை அன்றாடம் கற்பிக்க வேண்டியிருந்த வட்டாரத்தில் அக்கொள்கையின் அருமை எளிதில் விளங்கும்.

5. தமிழில் எழுந்த தொடர்கள்

1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியதும் மொழித் தடை நீங்கிற்று. 1990களின் பிற்பாதியில் மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, வாரந்தோறும் வந்த 'மர்ம தேசம்' வரிசை இத்துறையில் ஒரு திருப்பமாகும். அதன் 'ரகசியம்' சித்தர் மரபையும் நவபாஷாண லிங்கத்தையும், 'விடாது கருப்பு' கிராம தேவதையின் மீதுள்ள அச்சத்தையும் பொருளாகக் கொண்டன. 'விடாது கருப்பு' தொடரின் மையத்தில் ஒரு சிறுவனும் அவனுடைய பயமும் நின்றமையால், பெரியோர் அதை மர்மக் கதையாகவும் சிறியோர் தம் சொந்த இரவின் கதையாகவும் பார்த்தனர். தென்மாவட்டத்தின் நம்பிக்கைகள், வேற்றிடத்திலிருந்து வந்த வேடிக்கையாக அன்றி, உள்ளிருந்து ஆராயத்தக்க பொருளாகத் திரையில் மதிப்புப் பெற்றது இத்தொடரின் சிறப்பு.

முற்றிலும் சிறுவர்க்காக நாள்தோறும் வந்த தொடராகப் பெரும் புகழ் பெற்றது, 2004 முதல் 2007 வரை ஒளிபரப்பான 'மை டியர் பூதம்'. குழந்தைப் பூதமான மூசா மனிதக் குழந்தைகளின் நண்பனாகி வாழ்ந்த அக்கதை, பழைய பூதத்தை அடியோடு மாற்றிற்று: திரைப்படத்தில் பூதம் பெரியவனின் கட்டளைக்குக் காத்திருந்த ஏவலன், இங்கோ பள்ளிக்கூடத்து அநீதிகளையும் வீட்டுச் சண்டைகளையும் குழந்தையோடு சேர்ந்து எதிர்கொள்ளும் தோழன். தொள்ளாயிரம் பகுதிகளைத் தாண்டி அது நீண்டதற்கு, மாலையில் வீட்டில் இருக்கக்கூடிய குழந்தைகளின் கூட்டம் தமிழகமெங்கும் உருவாகியிருந்தது முதன்மையான காரணம்.

2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளைத் தமிழ்நாட்டு இல்லங்களில் சேர்த்தது. பட்டாசுத் தொழிலாளியின் வீட்டுக்கும் பெட்டி வந்தது. அண்டை வீட்டுத் திண்ணையில் நின்று பார்த்த குழந்தை தன் வீட்டுப் பாயில் அமர்ந்து பார்த்தது. சமூக நீதியின் பார்வையில் சிறுவர் தொடரின் வரலாற்றில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி வேறில்லை. 2007இல் 'சுட்டி டிவி' தொடங்கி, 'டோரா', 'ஜாக்கி சான்' போன்ற அயல்நாட்டுச் சித்திரத் தொடர்களை நாள் முழுவதும் தமிழ் பேச வைத்தது. ஆங்கிலச் சித்திரக்கதையைத் தமிழாக்கி 1972இல் சிவகாசி செய்த காரியத்தையே சுட்டி டிவி வேறொரு சாதனத்தின் வழியே தொடர்ந்தது எனலாம்.

6. குழந்தை விலகிய இடம்

ஆயினும் இதன்பின் ஒரு சரிவும் நேர்ந்தது. மொழிமாற்றுச் சித்திரப் படங்கள் மிகுதியாகக் கிடைத்தபின், தமிழ்க் குழந்தைகளை நடிக்கவைத்துத் தமிழிலேயே சிறுவர் நாடகம் எடுக்கும் முயற்சி தளர்ந்தது. அதிசயம் சின்னத்திரையை விட்டு நீங்கிவிடவில்லை. 2016இல் தமிழாக்கம் பெற்று வந்த 'நாகினி'யும், 2017 முதல் 2018 வரை வந்த 'நந்தினி'யும் வரைகலையின் துணையோடு நாகங்களையும் பேய்களையும் இரவு நேரத்தில் உலவவிட்டன. ஆனால் அக்கதைகளை இயக்கும் சக்தி பழிவாங்கலும் தாம்பத்தியச் சிக்கலுமே. குழந்தை அவற்றைப் பார்க்கிறது. அவை குழந்தையைப் பார்ப்பதில்லை. 'விடாது கருப்பு' தொடரின் சிறுவனும், மூசாவின் தோழர்களும் நின்ற மைய இடத்தில் இன்று குழந்தைப் பாத்திரம் இல்லை என்பது, குடும்பத் தொடர் என்னும் பெயரின் பொருளையே குறுக்கிவிடுகிறது.

7. முடிபு

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். சிறுவர் அதிசயத் தொடர் தொலைக்காட்சியின் தனிப் படைப்பன்று. வாய்மொழி, திரைப்படம், சித்திரக்கதை ஆகியவற்றின் தொடர்ச்சியாகவே அது நம் மண்ணில் வேரூன்றியது. அதன் வளர்ச்சி பள்ளிக்கூடம், சோறு, சட்டம், மலிவான பெட்டி ஆகிய பொது ஏற்பாடுகளால் சாத்தியமாயிற்று. அவ்வேற்பாடுகள் தாமதமாக எட்டிய வட்டாரத்துக்கு அத்தொடரும் தாமதமாகவே எட்டிற்று. குழந்தையைக் கதையின் நடுவில் நிறுத்திய காலத்திலேயே அது கலையாக உயர்ந்தது.

ஆகவே இனிச் செய்ய வேண்டுவது தெளிவு. கரிசல் நாட்டுக் கதைகளும், சதுரகிரிச் சித்தர் மரபும், அரை நூற்றாண்டு கடந்த சிவகாசிச் சித்திரக்கதைப் பாரம்பரியமும் ஒரே மாவட்டத்தின் சுற்றெல்லையில் கைவசம் இருக்க, தமிழ்க் குழந்தையை நாயகமாகக் கொண்ட புதிய சாகச நாடகங்களை எழுதுவதற்குப் பொருட்பஞ்சம் என்று எவரும் கூற இயலாது. அவற்றை எழுதுவோர்க்கும் எடுப்போர்க்கும் அரசும் ஒளிபரப்பு நிறுவனங்களும் ஆதரவு அளிக்க வேண்டும். அத்துடன், எந்தக் குழந்தையின் மாலைப்பொழுதும் மீண்டும் வீட்டில் பெட்டி ஒட்டும் வேலைக்கு விலையாகிவிடாமல் காக்க வேண்டும். இவ்விரண்டில் பின்னதை நிறைவேற்றாமல் முன்னதை மட்டும் செய்தால், கதை இருந்தும் கேட்பதற்குக் குழந்தை இல்லாத பழைய நிலைமைக்கே நாம் திரும்புவோம்.