தொடர் உழைப்பின் வரலாறு: நெடுந்தூர ஓட்டப் பயிற்சி மாறிவந்த பாதை

1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து அடுத்தடுத்து இரண்டு தங்கம் வென்றது. 800 மீட்டரில் பீட்டர் ஸ்னெல், 5,000 மீட்டரில் முர்ரே ஹால்பெர்க். சில நாள் கழித்து மராத்தானில் பேரி மகீ வெண்கலம் பெற்றார். மூவருக்கும் ஆர்தர் லிடியார்டே வழிகாட்டி. ஓடிய தூரங்கள் மூன்றும் வேறுவேறு. ஆனால் பயிற்சியின் அடித்தளம் ஒன்றுதான். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டத்துக்கும் ஒரே அடித்தளம் எப்படிப் பொருந்தியது? பயிற்சியின் மதிப்பை ஒரு நாளின் கடுமையால் அளந்த காலம் போய், பல மாதங்களின் தொடர்ச்சியால் அளக்கும் காலம் வந்த விதத்தில் அதற்கு விடை இருக்கிறது.

கடுமையின் காலம்

1930களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வால்டெமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் இடைவெளிப் பயிற்சிக்கு ஓர் அறிவியல் வடிவம் கொடுத்தார்கள். குறுகிய தூரத்தை வேகமாக ஓடி இதயத்துடிப்பை நிமிடத்துக்கு 180 அளவுக்கு ஏற்றுவது, அது 120க்கு இறங்கியதும் மீண்டும் ஓடுவது என்பதே அந்த முறை. கெர்ஷ்லரின் மாணவர் ருடோல்ஃப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அந்த உலக சாதனை 16 ஆண்டுகள் நிலைத்தது. பெல்ஜியத்தின் ரோஜர் மூன்ஸ் 1955இல்தான் அதை முறியடித்தார்.

செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாடோபெக் இதே முறையை வேறொரு எல்லைக்குக் கொண்டுபோனார். 400 மீட்டர் சுற்றுகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டே போனார். குளிர்காலத்தில் ராணுவக் காலணியோடும் ஓடினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், வாழ்வில் முதன்முறையாக ஓடிய மராத்தான் என மூன்றிலும் தங்கம் அவருக்கே.

சாடோபெக்கின் முகத்தில் தெரிந்த வேதனையைத்தான் உலகம் அதிகம் பேசியது. அவருடைய பயிற்சியைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. பல சுற்றுகளின் வேகம் வியக்கும்படியானது அல்ல. அவற்றின் எண்ணிக்கையும், ஆண்டு முழுவதும் விடாமல் ஓடியதும்தான் வியப்புக்குரியவை.

ஆக்லாந்தில் நடந்த சோதனை

லிடியார்ட் பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பால் விநியோகமும் செய்தவர். இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில், நண்பர் ஒருவருடன் 5 மைல் ஓடி மூச்சு வாங்கிப்போனபோதுதான் தன் உடல்நிலை அவருக்கு உறைத்தது. அதன்பின் தன் உடலையே சோதனைக்களமாக்கினார். வாரத்துக்கு எத்தனை மைல், எந்த வேகம், எந்த வரிசை என்று பல ஆண்டுகள் மாற்றி மாற்றி ஓடிப் பார்த்தார்.

வாரத்துக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர், என்பது அவர் கண்டடைந்த அளவு. அதுவும் சோர்ந்து விழாமல், மறுநாளும் ஓட முடிகிற வேகத்தில். இப்படிப் பல வாரங்கள் அடித்தளம் போட்ட பிறகு மேட்டு ஓட்டம், அதன்பின் தடத்தில் வேகப் பயிற்சி, கடைசியில் போட்டி. ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாகரே மலைப்பகுதியில் 22 மைல் நீளும் வையடாருவா பாதையில் அவருடைய சீடர்கள் ஓடினார்கள். 800 மீட்டர் வீரரான ஸ்னெலுக்கும் விலக்கு இல்லை.

அந்த ஸ்னெல்தான் ரோமில் மூன்ஸை முந்தித் தங்கம் வென்றார். 1962 ஜனவரி 27 அன்று வாங்கனூயியின் புல்தடத்தில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஒரே வாரத்தில், கிறைஸ்ட்சர்ச்சின் புல்தடத்தில் 800 மீட்டரை 1 நிமிடம் 44.3 விநாடியில் முடித்து மூன்ஸின் சாதனையையும் தகர்த்தார். வேகத்துக்கு வேகம் மட்டுமே பயிற்சி என்ற நம்பிக்கை அதன்பின் பழைய உறுதியோடு நிற்கவில்லை.

1967இல் லிடியார்ட் ஃபின்லாந்து சென்றார். 1936க்குப் பிறகு ஒலிம்பிக் ஓட்டப் போட்டிகளில் தங்கமே காணாதிருந்த நாடு அது. லிடியார்டின் கருத்துகளை உள்வாங்கிய பயிற்சியாளர்களில் ரோல்ஃப் ஹைக்கோலாவும் ஒருவர். அவருடைய மாணவர் லாஸ்ஸே விரேன் 1972 மியூனிக் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடி, உலக சாதனையோடு வென்றார். அங்கேயும் 1976 மான்ட்ரியலிலும் 5,000, 10,000 இரண்டுமே அவர் வசமாயின.

ஆய்வகம் சொன்ன காரணம்

அனுபவத்தில் கண்டதற்கு உடலியல் காரணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. செயின்ட் லூயிஸில் ஜான் ஹோலோஸி எலிகளை 12 வாரங்கள் ஓடுபொறியில் பழக்கினார். அவற்றின் தசைகளில், ஆக்ஸிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாவின் நொதிச் செயல்பாடு ஏறத்தாழ இரு மடங்கானதை 1967இல் வெளியிட்டார். ஒரு நாள் ஓட்டத்தால் இது நடப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்குத் தசை தன்னை மெல்ல மாற்றிக்கொள்கிறது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை எட்வர்ட் காயிலும் சக ஆய்வாளர்களும் 1984இல் காட்டினார்கள். நெடுநாள் பயிற்சி பெற்ற 7 பேர் 84 நாட்கள் பயிற்சியை நிறுத்தினார்கள். அவர்களுடைய அதிகபட்ச ஆக்ஸிஜன் பயன்பாடு முதல் 21 நாட்களில் 7 விழுக்காடும், 56 நாட்களில் 16 விழுக்காடும் சரிந்தது. ஆனால் தசைகளில் பெருகியிருந்த தந்துகிகள் குறையவே இல்லை. நொதிகளும் பயிற்சியே இல்லாதவர்களைவிட மேலான அளவில்தான் வந்து நின்றன. ஆண்டுக்கணக்கில் சேர்த்தது மூன்று மாதத்தில் முற்றாகக் கரைந்துபோகவில்லை.

அடுத்த பெரிய பங்களிப்பு நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலருடையது. இளம் பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சியை அளந்து, 2006இல் ஓர் ஆய்வை அவர் வெளியிட்டார். பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு மிதமான உழைப்பாகவே இருந்தது. துடுப்புப் படகு, மிதிவண்டி, ஓட்டம் என்று மற்றத் துறைகளின் முன்னணி வீரர்களிடமும் இதையொத்த பங்கீடு தென்பட்டதால் மிதமானது 80, கடுமையானது 20 என்ற பொருளில் ‘80க்கு 20’ என்ற சொல்வழக்கு பரவியது.

இன்று நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் போன்றவர்கள் பயிற்சியின் நடுவே சொட்டு இரத்தம் எடுத்து, உழைப்பின் கடுமையைக் காட்டும் லாக்டேட் அளவைப் பார்க்கிறார்கள். அன்றைய ஓட்டம் அடுத்த நாளைக் கெடுத்துவிடாதபடி வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கே அந்த அளவீடு. எஞ்சிய கடும் பயிற்சியை எப்படிப் பிரிப்பது, எந்தத் தீவிரத்தில் வைப்பது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் ஓயவில்லை. மிதமாகவும் இடைவிடாமலும் ஓடும் பெரும்பங்கின் தேவையைப் பற்றி அந்த விவாதத்தில் பெரிய பிணக்கு இல்லை.