தொடாமல் அளந்த கே-ஸ்டார்

துகள் அட்டவணையில் கே-ஸ்டார் (892) மேசானின் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். மின்னூட்டம் உள்ள கே-ஸ்டார் ஒரு ஃபோட்டானை விட்டுவிட்டுச் சாதாரண கேயானாக மாறுவதற்கான அகலம் சுமார் 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட். மின்னூட்டம் இல்லாததற்குச் சுமார் 116. இந்த இரண்டு எண்கள் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். நேர்வழியில் இதை அளக்கப் போனால் தோற்றுத்தான் போவோம்.

ஏன்னு பாருங்க. 1961இல் பெர்க்லியின் குமிழிக் கலத்தில் தென்பட்ட இந்தத் துகளின் மொத்த அகலம் 50 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவு. ஆக, ஆயிரம் சிதைவில் ஒன்றோ இரண்டோதான் ஃபோட்டான் வழி. மற்றதெல்லாம் கேயானும் பையானும். அதிலும் மூன்றில் ஒரு பங்கில் வருவது நடுநிலைப் பையான். அது பிறந்த உடனே இரண்டு ஃபோட்டானாக உடையும். அதில் ஒன்றைக் கருவி கோட்டைவிட்டால் போதும், பார்ப்பதற்கு நாம் தேடும் சிதைவு மாதிரியே இருக்கும். ஒரு அசலுக்கு நூற்றுக்கணக்கில் போலி.

வழி சொன்னவர் ஒடெசாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஹென்றி ப்ரிமகாஃப். 1951இல் அவர் எழுதியது நடுநிலைப் பையானின் ஆயுளைப் பற்றி. பையான் இரண்டு ஃபோட்டானாக உடைவதைப் பார்க்காதே, இரண்டு ஃபோட்டான் சேர்ந்து பையான் ஆவதைப் பார் என்பதுதான் சாரம். இரண்டாவது ஃபோட்டானுக்கு எங்கே போவது? கனமான அணுக்கருவைச் சுற்றியுள்ள மின்புலமே போதும். வேகமாக வரும் துகளுக்கு அந்தப் புலம் ஃபோட்டான் கூட்டமாகவே தெரியும் என்று ஃபெர்மி 1924இலேயே கணக்குப் போட்டிருந்தார்.

இதையே கேயானுக்குப் பொருத்தலாம். கேயான் கற்றையை ஈயத்தின் மேல் விடு. புலத்தின் ஒரு ஃபோட்டானை வாங்கிக்கொண்டு அது கே-ஸ்டார் ஆகட்டும். ஆகும் வீதமும் உடையும் வீதமும் ஒரே அகலத்தால் கட்டப்பட்டவை. பிறந்த கே-ஸ்டார் வழக்கம்போல கேயான், பையானாக உடைந்தால் நமக்கு லாபம்தான், அதைப் பிடிப்பது சுலபம். ஃபோட்டான் சிதைவை ஒரு தடவைகூடப் பார்க்காமல் அதன் அகலத்தை அளந்துவிடுகிறோம்! இப்படி ஆகும் வீதம் அணு எண்ணின் வர்க்கமாக ஏறும். செம்புக்கு 29, ஈயத்துக்கு 82. எட்டு மடங்கு வித்தியாசம்.

சிக்கல் வலுவிசை. கேயான் அணுக்கருவை உரசினாலும் கே-ஸ்டார் பிறக்கும். இங்கேதான் ஆற்றல் முக்கியமாகிறது. 10 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் கேயான் கே-ஸ்டாராக மாற, அணுக்கருவிடமிருந்து குறைந்தது 27 மெகா அளவு உந்தம் வாங்கியாக வேண்டும். அதற்கு நிகரான தூரம் 7 ஃபெர்மி, கிட்டத்தட்ட ஈய அணுக்கருவின் ஆரமே அவ்வளவுதான். 200 ஜிகாவில் 1.4 மெகா போதும். தூரம் 140 ஃபெர்மி. அணுக்கருவைத் தொடாமல் வெகு தள்ளிப் போகும்போதே வேலை முடிந்துவிடும். மின்புலத்தின் பங்கு, முன்திசையை ஒட்டி ஊசிபோலத் தனியே எழுந்து நிற்கும்.

1975இல் 8 முதல் 16 ஜிகா வரையிலான நடுநிலைக் கேயான்களை வைத்து எடுத்த அளவு 75, பிழை 35. இதே முறையில் 1974இல் ரோ மேசானுக்குக் கிடைத்தது 35 கிலோ. குவார்க் கணக்கோ 90ஐ ஒட்டி வரவேண்டும் என்றது. மாதிரியே தப்போ என்று சந்தேகம் வந்தது. பிறகு ராசெஸ்டர், மின்னசோட்டா, ஃபெர்மிலேப் குழு உயர் ஆற்றல் கற்றையில் அளந்தபோது ரோவின் எண் 67க்கு ஏறியது. கோளாறு குவார்க்கில் இல்லை, தாழ்ந்த ஆற்றலில் இரண்டு விசைகளையும் பிரிப்பதில் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மின்னூட்டக் கே-ஸ்டாருக்கு 1983இல் ஃபெர்மிலேப் முடிவுகள் இரண்டு: 156 ஜிகா கற்றையில் 48, 200 ஜிகாவில் 51. நடுநிலைக்கு 1986இல் 116.5. விகிதம் 2.3. மூன்று குவார்க்கும் சம எடை என்றால் 4 வரவேண்டும். விநோதக் குவார்க் கொஞ்சம் கனம், அதனால் அதன் காந்தத் திருப்புத்திறன் குறைவு என்று வைத்தால் 4 இறங்கி 2.3க்கு வரும். அதற்கு மேல் இறக்கினால் கணக்கு உதைக்கும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது கே-இரண்டு-ஸ்டார் (1430). மின்னூட்டம் உள்ளதற்கு 1982இல் வந்த அளவு 240 கிலோ. சமச்சீர் முழுமையாக இருந்தால் நடுநிலைத் துகளுக்கு இது சுழியாக வேண்டும். 2002இல் கேடெவ் குழு தேடிப் பார்த்தது. 5.4 கிலோவுக்குக் கீழே என்று வரம்புதான் போட முடிந்தது, துகள் அகப்படவில்லை.