பணமில்லை என்ற பழம்பாட்டு

"பணம் இல்லை" என்று ஏழை சொன்னால் அது அவன் நிலை. ஏழையின் பிள்ளைக்குப் பள்ளி கேட்கும்போது, கருவூலத்தின் சாவியை இடுப்பில் செருகியிருப்போர் அதே சொல்லைச் சொன்னால், அதை நாம் அப்படியே நம்பிவிட முடியுமா? கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டாமா? அந்தக் கணக்கைத்தான் இன்று சற்றே புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

வில்லிவாக்கம் கடந்து மேற்கே செல்லும் இரயிலில் அமர்ந்தால் அம்பத்தூரும் ஆவடியும் வரும்; சாலை வழி சென்றால் பூவிருந்தவல்லி வரும். இன்று ஆலைகளும் அடுக்கு வீடுகளும் நிறைந்த இவ்வூர்கள், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஏரியும் வயலும், ஊரும் சேரியும் என்று அன்று அவை பிரிந்து கிடந்தன. இப்பகுதியின் கல்விக் கணக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு நீளமுடையது.

1822ஆம் ஆண்டு, சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகளை எண்ணச் சொன்னார். 1826இல் தொகுத்துக் கூறினார்: மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், மாணவர் ஏறத்தாழ 1,88,000, மக்கள் தொகையோ 1 கோடியே 28 லட்சம். 67 பேருக்கு ஒருவர் படித்தார் என்பது அவர் கணக்கு. "பார், பழங்காலத்தில் எத்தனை பள்ளிகள்!" என்று மார்தட்டுவோர் இன்றும் உண்டு. நாம் கேட்பது, மீதி 66 பேர் எங்கே என்பதுதான். திண்ணைப் பள்ளி ஆசிரியர் பெற்றோர் தரும் காசிலும் நெல்லிலும் வாழ்ந்தார். கொடுக்க முடிந்தவன் பிள்ளை படித்தது. முடியாதவன் பிள்ளை மாடு மேய்த்தது. பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர். சேரிப் பிள்ளையோ திண்ணையை நெருங்கவே கூடாது.

பிறகு வந்தது 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம். மக்கள் வாயில் 'லோக்கல் ஃபண்ட்' என்று வழங்கிய அந்த நிதிக்கு நிலத்தின் மீது ரூபாய்க்கு ஓரணா வரை தீர்வை. சாலைக்கும் சுகாதாரத்துக்கும் பள்ளிக்கும் அதுவே ஊற்று. 1884இல் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் அமைந்து அப்பணத்தை ஆண்டன. தீர்வையைக் கட்டியவர் நிலக்காரர். அந்த நிலத்தில் வியர்வை சிந்தி அதைக் கட்ட வைத்தவர் உழைப்பாளர். பள்ளி எங்கே எழுந்தது? ஊர்த்தெருவில், பல இடங்களில் கோயிலை ஒட்டி. சேரிப் பிள்ளை அத்தெருவில் நடக்கவே தடை! எல்லார் உழைப்பிலும் திரண்ட பணம், சிலர் பிள்ளைகளுக்குப் பலகையாயிற்று.

அக்காலத்தில் இன்னொரு முறையும் இருந்தது. தேர்ச்சிக்கேற்ற மானியம் என்பது அதன் பெயர். ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை வருவார். பிள்ளைகளைப் படிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம் வரும். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். விளைவைப் பாருங்கள். ஆசிரியரின் கண்ணில் பிள்ளைகள் இரு வகையாயினர்: பணம் தருவோர், தராதோர். பசியோடு வந்து, அறுவடைக் காலத்தில் வராமல் நின்று, வீட்டில் ஏடறியாத பிள்ளை நட்டக் கணக்கு. அதைத் தேற்ற உழைப்பதினும் சேர்க்காமல் விடுவதே இலாபம். எந்தப் பள்ளிக்கு உதவி மிகுதியாக வேண்டுமோ, அந்தப் பள்ளிக்கே பணம் குறைந்தது. 1904இல் கர்சன் காலத்து இந்திய அரசே இம்முறையைக் குறைகூறிக் கைவிடச் செய்தது. ஆனால் அந்த எண்ணம் செத்துவிட்டதா? "தேர்ச்சி குறைவு, மாணவர் குறைவு, ஆகவே மூடு" என்று கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்தப் பழைய ஆய்வாளரின் குதிரைக் குளம்பொலிதான் கேட்கிறது.

செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர், 1891இல் அம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைபற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலமில்லை, மனையில்லை, கல்வியில்லை என்ற உண்மையை அரசாங்கத் தாளிலேயே பதித்தார். அதன் பயனாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1893இல் அம்மக்களின் கல்விக்கெனச் சலுகைகள் வந்தன. நன்றே. ஆனால் தனிப் பள்ளி ஏன் தேவைப்பட்டது? பொதுப்பணத்தில் நடந்த பள்ளி பொதுப் பள்ளியாக இல்லாததால்! வரி ஒன்று, பள்ளி இரண்டு. இதுதான் அன்றைய நிதி நிர்வாகம்.

1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் கல்விக்கெனத் தனி வரி விதிக்க உள்ளாட்சிகளுக்கு வழி செய்தது. அவ்வாண்டிலேயே, இம்மாவட்டத்தின் வாயிலில் இருந்த சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671 ஆயிற்று. இருமடங்கு! எந்த ஆய்வாளரின் பிரம்பும் செய்யாததை ஒரு பிடி சோறு செய்தது. உடனே எழுந்தது கணக்குச் சட்டம். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்றது ஆங்கில அரசு. 1925 ஏப்ரலில் உணவு நின்றது. பெற்றோர் ஓயாது முறையிட்டபின் 1927இல், 25 பள்ளிகளில் ஆயிரம் பிள்ளைகளுக்காக மீண்டும் தொடங்கிற்று. சோறு கல்விச் செலவா அல்லவா என்று கணக்கேடு வாதிட்ட இரண்டு ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போயினவோ!

விடுதலைக்குப் பின்னும் பாட்டு மாறவில்லை. 1953இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் புதிய திட்டமொன்று கொணர்ந்தார். சிற்றூர்ப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பு மூன்று மணியாயிற்று. அதே ஆசிரியர் இரு வேளை இரு கூட்டங்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும். மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்கலாம். காரணம்? பணமில்லை! ஆசிரியரும் கட்டடமும் போதவில்லை! நகரத்துப் பிள்ளைக்கு முழு நாள் பள்ளி. நகர எல்லைக்கு அப்பால் இருந்த உழவன் பிள்ளைக்கும் சலவைத் தொழிலாளி பிள்ளைக்கும் அரை நாள். சிக்கனத்தின் கத்தி எந்தக் கழுத்தைத் தேடிச் சென்றது பார்த்தீர்களா? 'குலக்கல்வி' என்று நாடு அதற்குப் பெயரிட்டது. பெரியாரும் அண்ணாவும் போர்க்கொடி உயர்த்தினர். 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். மே மாதத்தில் திட்டம் ஒழிந்தது.

இனித்தான் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி. கருவூலம் அதேதான், ஆண்டு ஒன்றுதான் கழிந்தது. முன்னே இல்லாத பணம் பின்னே எப்படி வந்தது? 1956இல் மதிய உணவு தொடங்கிற்று. பின்னர் ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, அரசு ஆறு காசும் ஊர் மக்கள் நான்கு காசும் ஏற்றனர். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு, 1958இல் திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டைத் தொடங்கி வைத்தார். ஊரார் பலகை தந்தனர், கடிகாரம் தந்தனர், சீருடை தந்தனர், மனையும் தந்தனர். எழுத்தறிந்தோர் 1951இல் நூற்றுக்கு 20.8, 1961இல் 31.4. அந்தப் பத்தாண்டின் முடிவில்தான் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அடுத்து அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. அரை நாள் பள்ளியோடு நின்றிருந்தால், அந்த வாயில்களில் உழவன் மகன் காவலுக்கு நின்றிருப்பான். கடைசல் இயந்திரத்தின் முன் நின்றிருக்க முடியுமா?

ஆகவே தோழர்களே, பணம் கொள்கையின் நிழல். கொள்கை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கமே அது விழும்.

அந்தப் போர் முடிந்ததா? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால், கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதன் பலனை 2024-25இல் கண்டோம். பி.எம். ஸ்ரீ திட்டத்துக்குத் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால், பள்ளிக் கல்விக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை அந்த நிதியாண்டில் ஒன்றிய அரசு தரவில்லை. 2025 மே மாதத்தில் தமிழ்நாடு உச்ச நீதிமன்றப் படியேறியது. தேர்ச்சிக்கு மானியம் என்றது அன்றைய ஆட்சி. பணிந்தால் மானியம் என்கிறது இன்றைய ஆட்சி. மறுபுறம், 2024 சூலை 15இல் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு விரிவாயிற்று. தியாகராயரின் ஓரணா, நூறாண்டு நடந்து அங்கே வந்து சேர்ந்தது.

வரலாறு படித்துப் பெருமூச்சு விடுவதற்கன்று. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருந்தாக வேண்டும். 61 முதல் 90 வரை மூவர். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அதில் பாதி பெண்கள். இவை சட்டம் தந்த கருவிகள். உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். ஆசிரியர் எத்தனை பேர், காலியிடம் எத்தனை, வந்த பணம் எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்று கேளுங்கள். படிக்காத தாய்க்கு அந்தக் கணக்கைப் படித்துக் காட்டுங்கள். "பணம் இல்லை" என்று எவரேனும் பழம்பாட்டைத் தொடங்கினால், "யாருக்கு?" என்ற ஒரு சொல்லை மட்டும் திருப்பிக் கேளுங்கள். இருநூறு ஆண்டுகளாக அவர்களால் விடை சொல்ல முடியாத கேள்வி அது.