மருந்துசார் அசைவுக் கோளாறுகள்

மருந்துசார் அசைவுக் கோளாறுகள் என்பன, வேறொரு நோய்க்காக உட்கொள்ளும் மருந்தின் பக்கவிளைவாக உடலசைவில் தோன்றும் மாற்றங்கள் ஆகும். இவை வலிப்பு எனவோ, நடுக்குவாதம் எனவோ, மனநோய் முற்றிய நிலை எனவோ தவறாகக் கருதப்படுவதுண்டு.

காரணம்

மூளையில் அசைவுகளைச் சீர்செய்யும் நரம்புத் திரள்கள் டோப்பமின் என்னும் வேதிப்பொருளைச் சார்ந்து இயங்குகின்றன. டோப்பமின் ஏற்பிகளைத் தடுக்கும் மருந்துகளே பெரும்பாலும் இக்கோளாறுகளுக்குக் காரணமாகும். ஹாலோபெரிடால், குளோர்புரோமசைன், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகள், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளூனரிசின் ஆகியன இவற்றுள் அடங்கும்.

வகைகள்

* திடீர்த் தசை முறுக்கம்: மருந்து தொடங்கிய சில மணி நேரம் முதல் சில நாட்களுக்குள் தோன்றும். கழுத்து திருகும், கண்கள் மேல்நோக்கிச் செருகும், நாக்கு தடிக்கும். நினைவு தப்புவதில்லை. இளையோரிடம் மிகுதி.
* இருப்புக்கொள்ளாமை: சில நாட்கள் அல்லது வாரங்களில் தோன்றும். நோயாளி ஓரிடத்தில் அமர இயலாது நடந்துகொண்டே இருப்பார். இதனை மனநோயின் தீவிரமாகக் கருதி மருந்தின் அளவைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். தற்கொலை எண்ணமும் எழக்கூடும்.
* மருந்துசார் நடுக்குவாதம்: சில வாரங்கள் அல்லது மாதங்களில் தோன்றும். உடலின் இருபுறமும் இறுக்கமும் மந்தமும் காணப்படும். முதியோரிடம் மிகுதி.
* பிந்திய அசைவுக் கோளாறு: பல மாதங்கள் அல்லது ஆண்டுகளுக்குப் பின் தோன்றும். வாய், நாக்கு, உதடு ஆகியன ஓயாது அசையும். மருந்தை நிறுத்திய பின்னும் நீடிக்கலாம்.

கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, மனக்குழப்பம் ஆகியன சேர்ந்து தோன்றுவது உயிருக்கு ஆபத்தானது. மூச்சுத்திணறலுடன் கூடிய தசை முறுக்கமும் அத்தகையதே. இவ்விரு நிலைகளிலும் நோயாளியை உடனடியாக மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும்.

அறிதல்

அண்மையில் தொடங்கிய, அளவு மாற்றிய அல்லது நிறுத்திய மருந்துகள் அனைத்தையும் கேட்டறிதல் முதற்படியாகும். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கியவையும் பழைய சீட்டைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் தொடர்பவையும் இவற்றுள் அடங்கும். 1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இயல்புமாறிய அசைவு அளவுகோல், பிந்திய வகையைத் தொடர்ந்து கண்காணிக்கப் பயன்படுகிறது.

மேலாண்மை

காரணமான மருந்தை மருத்துவர் குறைப்பார் அல்லது மாற்றுவார். மனநோய் மருந்தை நோயாளி தாமாகத் திடீரென நிறுத்தினால் நோய் மீளக்கூடும். திடீர்த் தசை முறுக்கம் புரோமெத்தசின் ஊசியால் பெரும்பாலும் விரைவில் தணியும். இருப்புக்கொள்ளாமைக்குப் புரோப்ரனோலால் உதவும். நடுக்குவாத வகைக்கு டிரைஹெக்சிபெனிடில் தரப்படுவதுண்டு. ஆனால் அது முதியோரிடம் மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கலாம், பிந்திய வகையை மோசமாக்கவும் கூடும். பிந்திய வகைக்கு டெட்ராபெனசின் பயன்படுகிறது. வால்பெனசின், டியூட்டெட்ராபெனசின் ஆகியன 2017 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

வரலாறு

இந்திய மூலிகையான சர்ப்பகந்தா இத்துறை வரலாற்றில் இடம்பெறுகிறது. இது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1952 ஆம் ஆண்டில் இதிலிருந்து பிரிக்கப்பட்ட ரெசர்பின், டோப்பமின் சேமிப்பை வற்றச்செய்து நடுக்குவாதத்தை ஒத்த நிலையை உண்டாக்கியது. ரெசர்பினால் அசைவிழந்த விலங்குகள் லெவோடோபா கொடுத்ததும் மீண்டும் அசைந்ததை 1957 ஆம் ஆண்டில் காட்டிய சுவீடன் அறிவியலாளர் ஆர்விட் கார்ல்சன் 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்த ஆய்வு, சென்னையிலிருந்து தாமோதரன், ராமசாமி ஆகியோரால் 1937 ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டிருந்தது.